பட்டு அங்கி கேட்ட பேராண்டிக்கு

பேராண்டி, இஸ்தோப்புல ஒக்காரு. கண்டி கோர்ட்டுல இத்தனை வருசம் கறுப்புக் கோட்டோட நின்னாச்சு, இனிமே ஜனாதிபதி சட்டத்தரணின்னு பேருக்குப் பின்னால ஒரு வாலும் தோள்ல ஒரு பட்டு அங்கியும் இருந்தாத்தான் மதிப்புன்னு ஒன் சம்சாரம் சொல்லுதாமே? சொல்லத்தான் செய்யும். ஒம் மொகத்தப் பாத்தா அது சொல்லாமலே ஒனக்கும் ஆசை இருக்கிற மாதிரிதான் தெரியுது.

ஆசைப்படு, குத்தமில்ல. இந்தக் கண்டிச் சீமையில பட்டத்துக்கு ஆசைப்படாதவன் யாரு? அதிகார், திசாவை, ரட்டே மஹத்தயான்னு ராசா குடுத்தாரு. 1815ல வெள்ளைக்காரன் ராசாவையும் புடிச்சுக்கிட்டு, மகுல் மடுவவுல பிரதானிமார் கையெழுத்தையும் வாங்கிக்கிட்டான். ராச்சியத்தை எடுத்தவன் பட்டத்தை மட்டும் எடுக்கல பாத்தியா? காசு செலவில்லாம ஆளைக் கட்டிப்போட அதை விட்டா வேற கயிறு இல்லைன்னு அவனுக்குத் தெரியும்.

நீ கேக்குற பட்டத்தோட பூர்வீகத்தையும் கொஞ்சம் கேட்டுக்க. இங்கிலாந்துல எலிசபெத்து ராணி காலத்துல பிரான்சிஸ் பேக்கன்னு ஒரு மகா கெட்டிக்காரன். அட்டர்னி ஜெனரல் பதவிக்கு அலையா அலைஞ்சான். அது எட்வர்டு கோக்குக்குப் போயிருச்சு. மனுசன் வாடிப்போகக் கூடாதேன்னு ராணிக்குச் சட்டம் சொல்றவன்னு ஒரு பேரைக் குடுத்து வச்சாங்க. 1604ல ஜேம்ஸ் ராசாதான் அதுக்குப் பத்திரம் எழுதிக் குடுத்தாரு. அந்த ஆறுதல் பரிசுதான் கப்பலேறி நாடு நாடாப் போயி, இன்னைக்கு ஒன் தூக்கத்தைக் கெடுக்குது. பேக்கன் அப்புறம் நீதித்துறையில உச்சாணிக் கொம்புக்கே போயி, 1621ல லஞ்சக் கேசுல மாட்டி, லண்டன் டவருக்குள்ள இருந்துட்டு வந்தான். நம்ம அரசியலமைப்புல இந்தப் பட்டத்துக்கு என்னா தகுதி எழுதியிருக்கு? தொழில்ல மேம்பட்டவனா இருக்கணும், நடத்தையும் நேர்மையும் ஒசந்த தரத்துல இருக்கணும். பேக்கன் இங்க மனுப் போட்டிருந்தா பாதி மார்க்குத்தான்.

நம்ம நாட்டுக்கு அது 1903ல வந்துச்சு. பொன்னம்பலம் இராமநாதனும் ஃபிரெடரிக் டோர்ன்ஹோர்ஸ்டும் மொதக் கையில வாங்கினவங்க. அப்ப ராசா பேருல குடுத்தாங்க, பின்னால ராணி பேருல. 1972ல குடியரசு ஆனதும் ராணியே இல்லைன்னு ஆயிப்போச்சு. 1984ல எட்டாவது திருத்தம் கொண்டாந்து, ராணி உக்காந்த இடத்துல ஜனாதிபதியை உக்கார வச்சுட்டாங்க. ராணியோட ஆளுக்கு இருந்த சலுகையெல்லாம் இவங்களுக்கும் உண்டுன்னு அதுலயே எழுதியும் வச்சாங்க. முடியை வேண்டாம்னாங்க, அங்கியை வேண்டாம்னு சொல்ல ஒருத்தருக்கும் மனசு வரல.

சரி, நம்ம மடுல்கலைப் பக்கத்துச் சேதிக்கு வாரேன். ரெலுகாஸ் தோட்டத்துல 1936ல சின்னத் தொரை வேலை பழக வந்தான் ஒரு பொடியன், மார்க் அந்தோனி பிரேஸ்கேர்டில்னு பேரு. ஆஸ்திரேலியாவுலேருந்து வந்த ஆளு. தொரைமார் பங்களாவுல குடிச்சுக் கும்மாளம் போடாம, லயத்துக்குள்ள எட்டிப் பாத்துட்டான்; பாத்ததை வெளிய சொல்லவும் ஆரம்பிச்சுட்டான். வேலை போச்சு. சமசமாஜக் கட்சியில போயி சேந்துக்கிட்டான். 1937 ஏப்ரல் 3ம் தேதி நாவலப்பிட்டியில கூட்டம். வெள்ளைத்தோல் ஒண்ணு மேடையேறி வெள்ளைத் தொரைமாரையே கிழிக்குது. நம்ம சனம் அவனைப் பாத்து “சாமி, சாமி”ன்னு சத்தம் போட்டுச்சாம். தோட்டத் தொரைமாருக்கு வயித்துல புளி கரைஞ்சுது. கவர்னர் ஸ்டப்ஸ் கிட்ட ஓடினாங்க. நாப்பத்தெட்டு மணி நேரத்துல நாட்டை விட்டுப் போயிரணும்னு உத்தரவு வந்துச்சு. பொடியன் கப்பலேறல, ஒளிஞ்சுக்கிட்டான். மே மாசம் காலிமுகத்திடல் கூட்டத்துல பகிரங்கமாத் தலைகாட்டிட்டு, அப்புறம் பிடிபட்டான்.

இங்கதான் நீ காதைத் தீட்டிக்கணும். உச்ச நீதிமன்றத்துல அவனுக்காக எந்திரிச்சு நின்னவரு எச்.வி.பெரேரா. சிவில் வழக்குல நாட்டுலயே அவருக்கு மிஞ்சின ஆளு இல்லாத காலம். ஒரு சல்லி வாங்கல. அதுலயும் வேடிக்கை, பிரேஸ்கேர்டில் கோர்ட்டுக்கு வந்த அன்னைக்கே பெரேராவுக்கு ராசாவோட சட்டத்தரணிங்கிற பட்டமும் வந்துச்சுன்னு சொல்லுவாங்க. யோசிச்சுப் பாரு: ராசா தன் கையால அங்கி போட்டு விடுறாரு, அந்த அங்கியோட இந்த மனுசன் போயி ராசாவோட கவர்னருக்கு எதிரா வாதாடுறாரு! இங்கிலாந்துல ரொம்பக் காலம் இதுக்கு ஒரு கண்டிசனே இருந்துச்சு தெரியுமா? பட்டம் வாங்கினவன் அரசுக்கு எதிரா நிக்கணும்னா முன்கூட்டியே அனுமதி வாங்கணும். சோறு போட்டவனைக் கடிக்கலாமா, கூடாதாங்கிற கதை.

மே 18ம் தேதி, பிரதம நீதியரசர் சிட்னி ஏப்ரகாம்ஸ் இருந்த மூணு பேர் ஆயம் தீர்ப்புச் சொல்லிருச்சு. பேசினான்ங்கிறதுக்காக ஒருத்தனை இப்படி நாடு கடத்த கவர்னருக்கு அதிகாரம் இல்லை, அவசர காலத்துக்கு வச்சிருந்த சட்டத்தை இதுக்கு இழுக்க ஏலாதுன்னுட்டாங்க. பொடியன் வெளிய வந்தான். கவர்னர் மொகம் எப்படி இருந்திருக்கும்னு நீயே நெனச்சுக்க.

பட்டம் வாங்கிட்டு அரசாங்கத்தையே எதிர்த்தவங்கள்ல இராமநாதனையும் விட்டுற ஏலாது. 1915ல இந்தக் கண்டியில ஆரம்பிச்ச கலவரம் நாடு பூரா பரவி, இராணுவச் சட்டம் போட்டு, சிங்களத் தலைவருங்களை உள்ள தூக்கிப் போட்டப்ப, அந்த மனுசன் சட்டசபையிலயும் கத்தினாரு, லண்டனுக்கும் போயி கத்தினாரு. திரும்பி வந்தப்ப வண்டியில பூட்டின குதிரையை அவுத்துட்டு சிங்களத் தலைவருங்களே இழுத்துக்கிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் அரசியல்ல அவர் செஞ்சது எல்லாம் எனக்குப் புடிக்கும்னு சொல்ல மாட்டேன். அது வேற பஞ்சாயத்து.

இப்ப நீ சேர ஆசைப்படுற ஜனாதிபதி சட்டத்தரணி பட்டியலுக்கு வருவோம். டசன் கணக்குல பேரு வருது, வரிசையா நின்னு சத்தியப்பிரமாணம் எடுத்துட்டுப் போறாங்க. நல்ல லோயருங்களும் அதுல இருக்காங்க, இல்லைன்னு சொன்னா நாக்கு அழுகிரும். ஆனா எங்க காலத்துப் பெரிய கங்காணி ஞாபகம்தான் வருது எனக்கு. கோட்டு, தலைப்பாகை, வெள்ளிப் பூண் போட்ட தடி. ஒரு மலைக்கு ஒருத்தர் இருந்த வரைக்கும் பெரட்டுக்களத்துல அவர் செருமினாலே சத்தம் அடங்கும். அவர் தம்பியும் மச்சினனும் கோட்டு மாட்டினதுக்கு அப்புறம், கொழுந்துக் கூடையைத் தூக்கி விடக்கூட ஒருத்தரும் திரும்பிப் பாக்கல.

நம்ம ஊருலதான் இப்படின்னு நெனைக்காத. கனடாவுல ஒன்டாரியோ மாகாணம் 1985லயே இந்தப் பழக்கத்தை விட்டுச்சு. 2023ல மறுபடி தூசு தட்டி எடுத்து, ஒரே மூச்சுல தொண்ணூறு பேருக்கு மேல குடுத்தாங்க. பட்டியலைப் பிரிச்சுப் பாத்தா ஆளுங்கட்சி அமைச்சருங்க பேரும் உள்ள இருக்கு. ஊரே சிரிச்சுச்சு. இந்தியாவுல இந்த வேலை அரசாங்கத்துக் கையில இல்ல, நீதிபதிமாரே குடுக்கிறாங்க. அங்க சீனியர் ஆயிட்டா கட்சிக்காரன் கிட்ட நேரா கேசு வாங்க முடியாது, இன்னொரு வக்கீல் கூட்டிட்டு வரணும். அந்த விதி இங்க இருந்தா நீ இந்த லயத்துப் பக்கம் வந்து கேசு புடிக்க ஏலுமா? யோசிச்சுக்க.

இன்னொரு சூட்சுமம். இங்கிலாந்துல அங்கி போட்டவரு முன்னாடியெல்லாம் தனியா வரமாட்டாரு. கூட ஒரு ஜூனியர் வரணும். அவருக்கும் பீசு, பெரியவரு வாங்குறதுல மூணுல ரெண்டு பங்கு. அங்கியைக் குடுக்கிறது ராசா, அதுக்குக் கூலி கட்டுறது கட்சிக்காரன்! அந்த வழக்கத்தை அவனே விட்டுட்டான். ஆனா பெரிய லோயர் முன்னால நடக்க, நாலு பொடியனுங்க புத்தகக் கட்டைத் தூக்கிக்கிட்டுப் பின்னால ஓடுறதை நான் பாத்திருக்கேன். அந்த நாலு பேரும் காத்தையா குடிச்சுட்டு வாரானுங்க?

மனுப் போடு, தடுக்கல. போடுறதுக்கு முந்தி ஒரு சின்ன வேலை செய். கண்டியில மடுல்கலை பஸ் ஏறி, பின்சீட்டுல வெத்தலை மென்னுக்கிட்டு இருக்கிற கெழவி எதையாவது கேட்டுப் பாரு, “கண்டியில நல்ல லோயர் யாரு ஆத்தா?”ன்னு. கருத்தரங்கு நடத்துற பெரிய பெரிய ஆளுங்களுக்குத் தெரியாததெல்லாம் அதுக்குத் தெரியும். யாரு தவணை மேல தவணை வாங்கி ஆளை அலைய விடுறாரு, யாரு எதிர்த்தரப்போட டீ குடிக்கிறாரு, யாரு சேமலாப நிதி கேசுக்குக் காசு வாங்காம கடுதாசி எழுதிக் குடுத்தாரு, எல்லாம் விரல் விட்டுச் சொல்லும். அது ஒன் பேரைச் சொல்லுதான்னு கேட்டுட்டு வா. வேற பேரைச் சொன்னா, கோவப்படாம அதையும் என் கிட்ட வந்து சொல்லு. எனக்கும் ஒரு காணிக் கேசு கெடக்கு.

அப்புறம் பேராண்டி, பட்டம் வந்துருச்சுன்னா நம்ம லயத்துக் கேசுகளுக்குப் பழைய ரேட்டா, புது ரேட்டாங்கிறதை மட்டும் இப்பவே தெளிவாச் சொல்லிரு. வாயால சொன்னா மறந்துருவ. அந்தக் காலண்டர் தாளைக் கிழி, பின்பக்கம் வெள்ளையா இருக்கும், தேதி போட்டு ஒரு கையெழுத்து வச்சுட்டுப் போ.