முக்காற்புள்ளி மகாத்மியம்

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நூலகர் வாய்த்தார். பெயர் எஸ்.ஆர்.ரங்கநாதன், ஊர் சீர்காழி, தொழில் கணக்கு வாத்தியார். அந்த வேலைக்கு மனுப் போட்டவர்கள் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர். நூலகத்தைப் பற்றி நம்மவருக்கு இருந்த மொத்த ஞானமும் நேர்முகத் தேர்வுக்குச் சில நாள் முன்பு என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவில் படித்த ஒரு கட்டுரை. (மற்றவர்கள் அதையும் புரட்டவில்லை போலும்.)

நாற்காலியில் உட்கார்ந்தால் பேச்சுத்துணைக்கு ஈ காக்கை இல்லை. பையன்களை அதட்டிப் பழகிய தொண்டை எத்தனை நாள் சும்மா இருக்கும்? சில வாரத்திலேயே பழைய வேலையைக் கொடுங்கள் என்று போய் நின்றார். பல்கலைக்கழகம் பேரம் பேசியது: லண்டன் போய் நூலகக் கலை படித்துவிட்டு வாரும், அப்புறமும் பிடிக்காவிட்டால் வாத்தியார் வேலை உமக்குத்தான். ஓசிக் கப்பல் பயணத்தை யார் வேண்டாம் என்பார்?

அப்போது நூலக உலகில் அமெரிக்கர் டியூயியின் ராஜ்ஜியம். அறிவைப் பத்தாக வெட்டி, ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாக நறுக்கியவர். எழுத்துச் சிக்கனம் முற்றித் தன் பெயரையே சுருக்கிக்கொண்ட ஆசாமி. மதத்துக்கு அவர் ஒதுக்கிய 200 என்ற வீட்டில் கிறித்தவம் கூடம் முழுக்கச் சப்பணம் போட்டுக்கொள்ள, மீதி மதங்களுக்கெல்லாம் 290 என்ற திண்ணை. போகட்டும். நுரையீரல், காசநோய், எக்ஸ்-ரே மூன்றும் பின்னிக்கொண்ட ஓர் ஆராய்ச்சி வந்தால் அதை எந்த அறையில் அடைப்பது?

ரங்கநாதனுக்கு விடை கிடைத்த இடம் லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையின் பொம்மைப் பகுதி. மெக்கானோ பட்டைகளை மாற்றி மாற்றி முடுக்கினால் ஒரு தரம் கிரேன், இன்னொரு தரம் பாலம். பாடங்களையும் இப்படித் துண்டுகளாக வைத்துக்கொண்டு வேண்டியபடி பூட்டலாமே! திருகாணிக்கு எங்கே போவது? அச்சுக்கூடத்தில் சும்மா கிடந்த முக்காற்புள்ளி அகப்பட்டது.

1933-இல் அதன் ஆங்கிலப் பெயரிலேயே கோலன் பகுப்புமுறை புத்தகமாக வந்தது. பிற்பாடு காற்புள்ளி, அரைப்புள்ளி என்று பங்காளிகளும் வந்து ஒட்டிக்கொண்டார்கள். மேற்படி ஆராய்ச்சி இந்தியாவில் 1950-இல் நடந்திருந்தால் அதன் எண் இதுதான்: எல்,45;421:6;253:எஃப்.44'என்5. மருத்துவம், நுரையீரல், காசநோய், சிகிச்சை, எக்ஸ்-ரே, ஆராய்ச்சி, இந்தியா, 1950 என முழு ஜாதகமும் உள்ளே இருக்கிறது. ஒல்லியான ஆய்வேட்டின் முதுகில் இதை ஒட்டச் சொன்னால் நூலக ஊழியர் என்ன பாடுபடுவார் என்பது வேறு கதை.

சலிக்கிறது என்று ஓடியவர் 1944 வரை அந்த நாற்காலியை விடவில்லை. வாத்தியார் வேலையைப் பற்றி அவரும் வாய் திறக்கவில்லை, பல்கலைக்கழகமும் ஞாபகப்படுத்தவில்லை.