தலைக்கு ரெண்டு லிட்டர்

சித்தப்பா மனிதர்களை எண்ணுவதில்லை, அளக்கிறார். வெளிநாட்டிலிருந்து திரும்பும் ஒவ்வொருவரும் வரி கட்டாமல் இரண்டு லிட்டர் மது கொண்டு வரலாம் என்று அரசாங்கம் அனுமதித்திருக்கிறது. ஆகவே சிங்கப்பூர் கிளம்பும் புருஷன் பெண்டாட்டி அவர் கணக்கில் நாலு லிட்டர். கூடவே மாமியாரும் போனால் ஆறு. கைக்குழந்தையைக் கண்டால் மட்டும் முகம் சுண்டிப்போகும். அதற்குத் துணிமணி, பால்புட்டி தவிர வேறெந்தச் சலுகையும் கிடையாது. "அது சும்மா வருது" என்பார்.

திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ ஷார்ஜாவிலோ இருப்பதால், தெருவுக்கு ஒரு சித்தப்பா உண்டு. குடிகாரர் என்று நினைத்துவிட வேண்டாம். குடிகாரனுக்கு டாஸ்மாக் போதும். 2003இல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்ட பிறகு அவனுக்கு எந்தக் கடை என்ற குழப்பமும் இல்லை. சித்தப்பாவுக்கு வேண்டியது போதை அல்ல, வரி ஏறாத லிட்டர். இங்கே ஃபுல் என்றால் 750 மில்லி. டூட்டி ஃப்ரீயில் விற்பதோ லிட்டர் பாட்டில். "அஞ்சு குவார்ட்டர் போக நூறு மில்லி மிச்சம்" என்பார். அந்த நூறு மில்லியைச் சொல்லும்போது குரல் குழையும்.

யாருக்காவது டிக்கெட் போட்டாயிற்று என்று காதில் விழுந்தால் அன்று சாயங்காலமே வாசலில் நிற்பார். வெறுங்கையோடு அல்ல, முறுக்குப் பொட்டலத்தோடு. உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "உங்களுக்குத்தான் அந்தப் பழக்கமே கிடையாதே?" ஒழுக்கத்தைப் பாராட்டுவது போலத்தான் இருக்கும். இடம் காலியா என்று விசாரிக்கிறார். குடிப்பவர்கள் தங்கள் கோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் சுயநலக்காரர்கள் என்பது அவர் கருத்து. சபரிமலைக்கு மாலை போட்டவர், வள்ளலார் வழியில் போகிறவர், அல்சர் வந்தவர் ஆகியோரிடம் அவருக்குத் தனி மரியாதை.

மகள் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போன பெரியத்தையையும் அவர் விடவில்லை. "ஏன்டா, என் பேருக்கு வர்ற ரெண்டு லிட்டரை நல்லெண்ணெயா வாங்கிக்கக் கூடாதா?" என்று அத்தை கேட்டுப் பார்த்தாள். பலிக்கவில்லை. திருச்சியில் வந்து இறங்கியபோது, ஸ்கேனில் பையைப் பார்த்த அதிகாரி, "இது உங்களுதாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆமா தம்பி. முழங்காலுக்குத் தேய்க்க."

"ரெண்டு பாட்டிலுமா?"

"முழங்கால் ரெண்டு இருக்குல்ல?"

அளவு இரண்டு லிட்டருக்குள் இருந்தது. அதிகாரி வழிவிட்டுவிட்டார்.

ஆனால் அளவைத் தாண்டிச் சித்தப்பா ஒரு சொட்டும் கொண்டு வரச் சொல்ல மாட்டார். கஸ்டம்ஸின் பேக்கேஜ் விதிகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பீரோ, ஒயினோ, விஸ்கியோ, எல்லாம் சேர்த்துத்தான் இரண்டு லிட்டர். அதுவும் அந்த விதிகள் வைத்த மொத்த ரூபாய் வரம்புக்குள் அடக்கம். ஒருவர் சலுகையை இன்னொருவர் சலுகையோடு சேர்க்கவும் முடியாது. இது தெரியாத மச்சான் ஒருவர், 'நானும் பெண்டாட்டியும் சேர்ந்தா நாலு லிட்டர்தானே' என்று மூன்று லிட்டர் விஸ்கியை ஒரே பாட்டிலாகத் தூக்கிக்கொண்டு வந்தார். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். பாட்டிலை நடுவில் அறுத்தா காட்ட முடியும்? மிஞ்சிய ஒரு லிட்டருக்கு 150 சதவீதம் வரி.

"3,000 ரூபா சரக்குக்கு 4,500 வரி. ஆக 7,500! அதுக்கு நம்மூர்க் கடையிலேயே வாங்கிட்டுப் போகலாமேய்யா" என்றார். டாஸ்மாக்கை அவர் உயர்த்திப் பேசி நான் கேட்டது அப்போது மட்டும்தான். ஊரையே கூலியில்லாமல் சுமக்க வைப்பார், ஆனால் கஸ்டம்ஸை ஏமாற்ற மாட்டார். இவ்வளவு நேர்மையான பேராசையை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

இத்தனை பாடுபட்டுச் சேர்த்ததைக் குடிப்பாரா என்றால், அதுவும் இல்லை. பீரோவில் சித்தியின் பட்டுப்புடவைகளுக்கு அடியில், அந்துருண்டை வாசனையோடு, பாட்டில்கள் படுத்திருக்கும். முக்கியமான விருந்தாளி வந்தால் ஒன்று எழும். மூடியால் அளந்து ஊற்றிவிட்டு, "இது யாரு கொண்டாந்தது தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். முதல் ரவுண்டு முடிவதற்குள் விருந்தாளிக்கு விமான நேரம், டூட்டி ஃப்ரீ விலை, அன்றைய டாலர் மதிப்பு எல்லாம் தெரிந்துவிடும். இரண்டாவது ரவுண்டு கேட்கிற தைரியம் பலருக்கும் வருவதில்லை.

காலி பாட்டில் நேரே ஃப்ரிட்ஜுக்குப் போகும், தண்ணீர் நிரம்பி. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துத் தர வந்த ஐயர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். பிளாக் லேபிள் வந்தது. தாகம் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்.

போன தை மாதம் சித்தப்பாவின் கடைசிப் பெண்ணைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில் வேலை. சித்தி சம்பளம் கேட்டாள், பெரியப்பா குலதெய்வம் கேட்டார். சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பி வருஷத்துக்கு எத்தனை தடவை ஊருக்கு வருவாப்ல?" என்றார். பெண்மேல் எவ்வளவு பாசம் என்று சம்பந்திகள் நெகிழ்ந்துபோனார்கள். பையன் குடிக்கவே மாட்டான் என்று அவன் அம்மா சொன்னபோது, பெண்ணைப் பெற்றவளுக்கு முன்னால் சித்தப்பா எழுந்து தட்டை மாற்றிக்கொள்ளத் தயாராகிவிட்டார்.