குணசாலிக்கு வேலைக்காரிகள் உண்டு

பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் யாராவது நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தைத் திறந்தால் போதும், எனக்கு இடுப்பு வலி தொடங்கிவிடும். அதில் வரும் குணசாலியான ஸ்திரீ இருட்டோடு எழுந்துவிடுகிறாள். ஆட்டுமயிர் தேடுகிறாள், நிலம் வாங்குகிறாள், திராட்சைத்தோட்டம் போடுகிறாள், கச்சை நெய்து வியாபாரிக்கு விற்கிறாள். ராத்திரியும் அவள் விளக்கு அணைவதில்லை. எப்போது தூங்கினாள் என்று அந்த அதிகாரத்தில் அவளைப் பற்றி வரும் 22 வசனங்களில் ஒன்றிலும் இல்லை. எபிரெய எழுத்துகள் மொத்தம் 22. எழுத்துக்கு ஒரு வசனமாக வரிசையாகப் பாடியிருக்கிறார்கள். எழுத்து தீர்ந்ததால் பாட்டு நின்றது. அவள் வேலை தீர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பிரசங்கம் செய்கிறவர்கள் வேகமாகத் தாண்டிப்போவது அதிகாரத்தின் 15ஆம் வசனத்தை. அந்த அம்மாளுக்கு வேலைக்காரிகள் இருந்தார்கள். ஒருத்தி இல்லை, பன்மை! எனக்கு வாய்த்தது ஒரு கிரைண்டர். அதுவும் மழைக்காலத்தில் லீவு போட்டுவிடும். 23ஆம் வசனத்தில் கணவர் வருகிறார். ஊர்வாசலில் மூப்பர்களோடு உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். இந்த ஒரு வசனத்தை மட்டும் எங்கள் வீட்டுக்காரர் எழுத்துப் பிசகாமல் கைக்கொள்கிறார். ஆராதனை முடிந்தால் கோயில் வாசல் வேப்பமரத்தடியில் கமிட்டிக்காரர்களோடு உட்கார்ந்துவிடுவார். சோறு வெந்த பிறகுதான் வீட்டு ஞாபகம் வரும்.

நேரத்தை நிர்வகிக்க வேதத்தில் வழி தேடுகிறவர்கள் மோசேயின் மாமனார் எத்திரோவிடம் போவார்கள். காலைமுதல் சாயங்காலம்வரை வழக்குக் கேட்டே மருமகன் ஓய்ந்துபோவதைப் பார்த்து, ஆயிரம் பேருக்கு ஒரு தலைவர், நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு ஒருவர் என்று வேலையைப் பிரித்துக்கொடுக்கச் சொன்ன மனிதர். அருமையான யோசனை. எங்கள் வீட்டிலும் பிரித்துக்கொடுத்துப் பார்த்தேன். ஆயிரம் பேருக்குத் தலைவராக எல்லோருக்கும் சம்மதம். அந்த ஆயிரம் பேராக இருக்கத்தான் ஆளில்லை. கடைசியில் நானே ஆயிரம் பேராகிவிட்டேன்.

மார்த்தாள், மரியாள் கதையில் எல்லோரும் மரியாள் கட்சி. அன்றைக்கு அடுப்பில் இருந்தது என்ன ஆயிற்று என்று லூக்கா எழுதவில்லை. யோவான் 12இல் பெத்தானியாவில் மறுபடியும் விருந்து. மறுபடியும் மார்த்தாள்தான் பரிமாறுகிறாள். இந்தத் தடவை முணுமுணுத்ததாக இல்லை. பழகிவிட்டது போலும். பேதுருவின் மாமியார் பாடு அதைவிட மோசம். காய்ச்சல் விட்ட உடனே எழுந்து பணிவிடை! எங்கள் அத்தைக்கு அந்த இடம் வந்தாலே ஆற்றாமை. “அந்தப் பய பேதுரு ஒரு வாய் கஞ்சி வச்சுக் குடுத்திருக்கலாம்லா” என்பார்கள்.

ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அசன விருந்துக்கு வந்து பாருங்கள். இடுப்பில் துண்டு, கண்ணில் புகை, ராத்திரி முழுக்க முழிப்பு; அண்டா அண்டாவாக ஊருக்கே சோறும் கறிக்குழம்பும் எங்கள் சபை ஆண்கள்தான் ஆக்குவார்கள். உப்பு, உறைப்பு எல்லாம் கச்சிதம். மறுநாள் காலையில் அதே ஆள் அடுப்படி வாசலில் நின்று, “சீனி டப்பா எங்க இருக்கு?”

அப்படிக் கேட்ட ஒரு நாளின் ராத்திரிதான், குடும்ப ஜெபத்தில் யோவான் 21ஐ எங்கள் வீட்டுக்காரரையே வாசிக்க வைத்தேன். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் தயாராக வைத்துக்கொண்டு, ராத்திரியெல்லாம் வலை வீசிக் களைத்த சீஷர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். மரணத்தை ஜெயித்துவிட்டு வந்து காலைச் சாப்பாடு! நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்காரர் முகத்தை மட்டும் பார்த்தேன்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் ஒரு தடவை முழுக்க வாசித்தார். “சமைச்சதுதான் போட்டிருக்கு. பாத்திரம் கழுவினதா எங்கேயும் இல்லயே.”

மூலையில் ஜெபத்துக்காகக் கண்மூடி உட்கார்ந்திருந்த அத்தை கண்ணைத் திறக்கவில்லை. “ஏலே, 13ஆம் அதிகாரத்தத் திருப்பு. காலையே கழுவினவரு, தட்டக் கழுவமாட்டாராக்கும்? எந்திரி.”