மாட வீதியில் ஒரு பால்கனி

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பால்கனி வைத்த வீட்டில் குடியிருப்பவனுக்கு, வருஷத்தில் ஒரு நாள் உறவினர்கள் அதிகம். கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், நாயன்மார்கள் வீதியுலா வரும் அறுபத்துமூவர். முழங்கால் வலி என்று என் கல்யாணத்துக்கே வராத தி. நகர் அத்தை, அன்று மட்டும் மூன்று மாடி ஏறி வந்துவிடுவார். அடையாறு சித்தப்பா, தன் வாக்கிங் சிநேகிதர்களையும் கூட்டி வருவார்.

குற்றம் திருஞானசம்பந்தருடையது. பாம்பு கடித்து இறந்த பூம்பாவையை எழுப்ப அவர் பாடிய பதிகத்தில், மயிலைத் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதைப் பார்க்காமலா போகிறாய் என்று பாட்டுக்குப் பாட்டு கேட்கிறார். குடத்தில் சாம்பலாக இருந்தவளே எழுந்து வந்துவிட்டாள். முழங்கால் வலி எம்மாத்திரம்!

அடியாருக்கு அமுது படைப்பதும் அந்தப் பதிகத்தின் முதல் பாட்டிலேயே இருக்கிறது. 1,300 வருஷமாகியும் வீதி அதை மறக்கவில்லை. பத்தடிக்கு ஒரு பந்தல்: நீர்மோர், பானகம், தொன்னையில் புளியோதரை, சுண்டல், போதாக்குறைக்கு அட்டை விசிறி. வேண்டாம் என்றால் கொடுப்பவர் முகம் வாடிவிடும். அத்தைக்கு அந்தச் சங்கடமே இல்லை. மஞ்சள் பையைக் கொடிக்கயிற்றில் கட்டிப் பால்கனியிலிருந்து இறக்குவார். கீழே இருப்பவர்களும் சளைக்காமல் நிரப்பி அனுப்புவார்கள்.

பிற்பகலில் நாதஸ்வரம் கேட்டதும் எல்லோரும் கம்பிக்குப் பாய்ந்தார்கள். மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தால் நாயன்மார் எங்கே தெரிகிறார்? குடையின் உச்சிதான் தெரிகிறது. சித்தப்பா எண்ணிப் பார்த்து 58 என்றார். அத்தை 66 என்றார். கோலவிழி அம்மனையும் சேர்த்துவிட்டாராம்.

என் மனைவி மட்டும், "இதில் இளையான்குடி மாறனார் யாருங்க?" என்று கேட்டாள். அடை மழை இரவில் வந்த அடியாருக்காக, விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரி வந்து, கூரை வரிச்சையே விறகாக்கிச் சோறு போட்டவர். அவரைக் கும்பிடத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். கையில் அன்றைய 31ஆவது காபி டம்ளர்.

"அவருக்கு விருந்தாளி ஒருத்தர்தானே?" என்றாள்.

பங்குனியில் அவசியம் வாருங்கள். வீதியில் நின்று பார்ப்பதுதான் அழகு. சாமியின் முகமும் தெரியும், மோரும் கிடைக்கும். என் கதவு எண்ணை மட்டும் கேட்காதீர்கள்.