வணங்கி வரவேற்கும் பயோடேட்டா

(வில்லியனூர் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை. கம்ப்யூட்டருக்குப் பின்னால் கடைக்கார அக்கா. எம்.எஸ்சி. கணிதம் முடித்தவர். பாகூரிலிருந்து பைக்கில் வந்து இறங்கிய டிப்ளமா தம்பி பென்டிரைவை நீட்டுகிறார்.)

தம்பி: யக்கா, பயோடேட்டா. ஏழு பக்கம். சீக்கிரம் பிரிண்ட் போடுங்க. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில ஆள் எடுக்குறாங்களாம்.

அக்கா: பக்கம் அஞ்சு ரூபா. (திறந்து பார்த்து) தம்பி, ஃபைல் மாத்தி எடுத்தாந்துட்டியா? இது யாரோ கட்சிக்காரர் பிறந்தநாள் பேனர் மாதிரி இருக்கே.

தம்பி: நல்லாப் பாருங்க. அது நான்தான்.

அக்கா: கூலிங் கிளாஸ், கும்பிட்ட கை... ‘தலைமைப் பண்பின் சிகரம், புதுமையின் ஊற்று, இலக்கை நோக்கிப் பாயும் ஆற்றல்’. ‘வருக வருக’ மட்டும்தான் பாக்கி. யார் எழுதினது?

தம்பி: போன்ல ஏஐகிட்ட கேட்டேன். அரை நிமிசத்துல குடுத்துடுச்சு.

அக்கா: அதானே பார்த்தேன். இந்த வாரத்துல நீ பத்தாவது சிகரம். ஏம்பலத்துல ஒரு சிகரம், திருபுவனையில ரெண்டு சிகரம். நம்ம பக்கம் கடலோரச் சமவெளின்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க. இத்தனை மலை எப்ப முளைச்சுது?

தம்பி: கிண்டல் பண்ணாதீங்கக்கா. இப்பல்லாம் இப்படித்தான் போடணும்.

அக்கா: சரி. மின்னஞ்சல் முகவரி ‘பாகூர் டான் ஜீரோ ஜீரோ செவன்’. இன்டர்வியூவுக்குக் கூப்பிடறவன் ‘டான் இருக்காரா’ன்னு கேக்கணுமா? தெரிந்த மொழிகள் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு. பிரெஞ்சு எங்க படிச்ச?

தம்பி: பாண்டியில தெருப் பலகையில எல்லாம் ‘ரூ’ன்னு போட்டிருக்கும், படிப்பேன்.

அக்கா: ரூபாயில கூடத்தான் ‘ரூ’ இருக்கு. பொழுதுபோக்கு, நூல் வாசிப்பு. கடைசியா வாசிச்சது?

தம்பி: ஐபிஎல் அட்டவணை.

அக்கா: பெறுநர்... இது மேட்டுப்பாளையம் கம்பெனிக்குத்தானே? இங்க சேதராப்பட்டுல இருக்கற வேற கம்பெனி பேரு இருக்கு. ‘தங்கள் நிறுவனத்தில் பணிபுரிவதே என் வாழ்நாள் கனவு’ன்னும் இருக்கு. உனக்கு எத்தனை வாழ்நாள்?

தம்பி: அது போன மாசம் அனுப்பினது. பேரை மாத்த மறந்துட்டேன்.

அக்கா: மேட்டுப்பாளையத்துக்காரன் முதல் வரியிலேயே மூடிடுவான். அவன் என்ன வேலைக்கு ஆள் கேக்குறான்?

தம்பி: விளம்பரம் வாட்ஸ்அப்ல வந்துச்சு. சம்பளம் மட்டும் பார்த்தேன்.

அக்கா: காட்டு. (போனை வாங்கிப் படிக்கிறார்) ‘மெயின்டனன்ஸ் ஹெல்பர். மோட்டார், பம்பு பழுது பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு ஷிப்டு.’ அவன் மோட்டாரைப் பத்திக் கேக்குறான், நீ ஏழு பக்கம் புதுமையின் ஊற்று எழுதியிருக்க. ஊற்று இருந்தா என்ன, தண்ணி ஏத்த மோட்டார் வேணாமா? டிப்ளமா முடிச்சு ரெண்டு வருசம் ஆச்சே, அது ஏன் இதுல இல்ல?

தம்பி: அதான் ஏஐகிட்ட மறைக்கச் சொன்னேன். அந்த ரெண்டு வருசமும் சும்மாதான். மாமா ரீவைண்டிங் கடையில இருந்தேன்.

அக்கா: இருந்துட்டு?

தம்பி: காயில் கட்டுவேன். பேரிங் மாத்துவேன். நடவு சீசன்ல ராத்திரி ஒரு மணிக்கெல்லாம் கூப்பிடுவாங்க. சப்மெர்சிபிள் மோட்டாரை போர்ல இருந்து மேல எடுத்து, ரெடி பண்ணி, விடியறதுக்குள்ள இறக்கிக் குடுத்துடுவேன். அதெல்லாம் வேலையாக்கா? கையெல்லாம் கிரீஸ்.

அக்கா: அடப்பாவி! உன்கிட்ட இருக்கறதுலேயே உருப்படியானது அது ஒண்ணுதான். அதை மறைச்சுட்டு கூலிங் கிளாஸை வெச்சிருக்கியே! ராமானுஜன்னு கேள்விப்பட்டிருக்கியா?

தம்பி: கணக்கு ராமானுஜனா? அவருக்கு எதுக்கு பயோடேட்டா?

அக்கா: அவரும் வேலைக்கு அலைஞ்சவர்தான். அதுவும் நம்ம பக்கத்துல. 1910ல விழுப்புரத்தைத் தாண்டி திருக்கோவிலூருக்குப் போனார். அங்க டெபுடி கலெக்டர் வி. ராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை ஆரம்பிச்சவர். அவர்கிட்ட ஒரு குமாஸ்தா வேலை கேட்டு, தன் கணக்கு நோட்டைக் காட்டினார்.

தம்பி: உடனே குடுத்துட்டாரா?

அக்கா: குடுக்கல. இப்படிப்பட்ட ஆளைக் கடைநிலை குமாஸ்தாவாக்கி மழுங்கடிக்க மனசு வரல அவருக்கு.

தம்பி: பார்த்தீங்களா! நோட்டைக் காட்டினதாலதான் வேலை போச்சு. மறைக்கறதே நல்லது.

அக்கா: முழுசாக் கேளு. சென்னையில இருந்த தன் கணக்கு நண்பர்களுக்குக் கடிதம் குடுத்து அனுப்பினார். 1912 பிப்ரவரி 9ந் தேதி ராமானுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். எவ்வளவு நீளம் இருக்கும்னு நெனைக்கிற?

தம்பி: அவர் அறிவுக்கு ஒரு எழுபது பக்கம்?

அக்கா: சின்னக் கடிதம். மெட்ரிகுலேஷன் பாஸ், கல்லூரியில எஃப்.ஏ. வரைக்கும் படிச்சேன், சில சங்கடங்களால படிப்பு நின்னுபோச்சு. அதுக்கப்புறம் முழு நேரமும் கணக்குலதான் இருந்தேன். வேலை குடுத்தா ஒழுங்காச் செய்வேன். இவ்வளவுதான் சாரம். படிப்பு நின்னதை மறைக்கல, அந்தக் காலத்துல என்ன செஞ்சேன்னு சொல்லிட்டார். கூடவே மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் குடுத்த சான்று. மார்ச் 1ந் தேதி கணக்குப் பிரிவுல குமாஸ்தா. மாசம் முப்பது ரூபா.

தம்பி: சிபாரிசு இருந்துச்சுல்ல! நானும் எம்.எல்.ஏ.கிட்ட லெட்டர் வாங்கி வெச்சிருக்கேன்.

அக்கா: எம்.எல்.ஏ. வீட்டு மோட்டாரை நீ ரிப்பேர் பண்ணியிருக்கியா?

தம்பி: இல்ல. அவருக்கு என் பேரே தெரியாது. லெட்டர்ல என் பேரை நான்தான் எழுதினேன்.

அக்கா: மிடில்மாஸ்ட் கணக்குப் பேராசிரியர். ஒருத்தருக்குக் கணக்கு வருமா வராதான்னு சொல்ல அவருக்குத் தகுதி உண்டு. உன் காயிலைப் பத்திச் சொல்ல யாருக்குத் தகுதி? நீ ராத்திரி மோட்டார் எடுத்துக் குடுத்த வயக்காட்டுக்காரருக்கு. அவர்கிட்ட கேட்டுக்கிட்டு, அவர் பேரும் போன் நம்பரும் போடு.

தம்பி: வேட்டி கட்டினவர்க்கா அவர். இங்கிலீஷ் தெரியாது.

அக்கா: மோட்டார் ஓடுச்சா இல்லையான்னு தமிழ்ல சொல்லுவார்ல? ராமானுஜன் அதோட நிக்கல. 1913 ஜனவரியில கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். சென்னைத் துறைமுகத்துல வருசம் இருபது பவுண்டு சம்பளம் வாங்குற குமாஸ்தான்னுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கிட்டார். ‘கணித உலகின் சிகரம்’னு போட்டுக்கல. பக்கம் பக்கமா சூத்திரங்களை இணைச்சு அனுப்பினார். சிகரம் யாருன்னு ஹார்டியே கண்டுபிடிச்சுக்கிட்டார்.

தம்பி: இவ்வளவு தெரிஞ்ச நீங்க ஏன்கா ஜெராக்ஸ் போடறீங்க?

அக்கா: (சற்று நேரம் பேசாமல்) நானும் ஒழுங்காத்தான் எழுதிப் போட்டேன். ஒரு இடத்துல ‘ஆள் எடுத்தாச்சு, சும்மா விளம்பரம் குடுத்தோம்’னாங்க. ஒரு இடத்துல பதிலே வரல. ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதின்னு மூணு மில்லுக்கு சைக்கிள்ல போன ஊரு இது. 2020ல மூணும் மூடியாச்சு. விண்ணப்பம் எவ்வளவு நல்லா எழுதினாலும் மூடின மில்லு திறக்காது தம்பி. திறந்திருக்கற கதவையாவது நீயே சாத்திக்காத. தள்ளு, டைப் அடிக்கிறேன். மேல என்ன போடறது?

தம்பி: பேரு, ஊரு, போன் நம்பர். அப்புறம்... மோட்டாரா?

அக்கா: மோட்டாரேதான். எந்த எச்.பி. வரைக்கும் காயில் கட்டுவ, எத்தனை மோட்டார் பார்த்திருக்க, ராத்திரி ஷிப்டுக்கு வருவியா. அதுக்குக் கீழ டிப்ளமா, மார்க். அரியர் ஏதாச்சும் இருக்கா?

தம்பி: ஒண்ணு... ரெண்டாவது தடவையில பாஸ் பண்ணிட்டேன்.

அக்கா: பாஸ் பண்ணின வருசத்தைப் போடு, பொய் வேணாம். போட்டோ?

தம்பி: கூலிங் கிளாஸ் இல்லாம ஒண்ணு இருக்கு. அதுல கொஞ்சம் அசடு வழியும்.

அக்கா: பரவால்ல, ஆள் அடையாளம் தெரியும். (பிரிண்டர் ஓடுகிறது) இந்தா. ஒரு பக்கம், அஞ்சு ரூபா.

தம்பி: ஏழு பக்கத்துக்கு முப்பத்தஞ்சு ரூபா எடுத்து வெச்சிருந்தேனே!

அக்கா: ஆமா, வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம முப்பது ரூபா நஷ்டம் எனக்கு. ராமானுஜனோட ஒரு மாசச் சம்பளம்.