கழியும் பன்றிக்குட்டியிடம் மரபணு படிப்பது எப்படி?

ஒரகடத்தில் கார் செய்யலாம், லாரி செய்யலாம், புல்லட் செய்யலாம். பன்றிக் கழிச்சலில் உள்ள வைரஸின் மரபணு வரிசையையும் எடுக்கலாம். இதுவரை யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மரபணு வரிசையைப் படிக்கும், உள்ளங்கைக்குள் அடங்கும் மினயான் கருவியைக் காட்டி யாராவது ஆசை மூட்டுவார்கள், மயங்காதீர்கள். முதல் தேவை பழைய சட்டை, ஐஸ் பெட்டி, கழிந்துகொண்டிருக்கும் ஒரு குட்டி. பண்ணை தெரியாவிட்டால் கேன்டீன் மிச்சம் ஏற்றிய டிரம் வண்டியின் பின்னாலேயே போங்கள். குட்டியைத் தூக்கியதும் தாய்ப்பன்றி உங்களைத் தேடி வரும். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பஞ்சுக்குச்சியை ஆசனவாயில் விட்டு எடுக்கவும். தரையில் கிடப்பதை வழித்தால் அது எந்தக் குட்டியுடையது என்று குட்டிக்கும் தெரியாது.

பண்ணைக்காரர் கேட்பார்: “வைரஸ் பேரு கெடக்கட்டும் சார், குட்டிக்கு என்ன குடுக்கறது?” கழிச்சல் வைரஸ்களைக் கொல்லத் தனி மருந்து இல்லை. உப்புச் சர்க்கரைக் கரைசல், குண்டு பல்பின் சூடு, காய்ந்த தரை. சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், வரிசை வரும்வரை குட்டி காத்திருக்காது.

வைரஸின் மரபணுவான ஆர்.என்.ஏ. சூட்டில் சிதையும். சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் கன்டெய்னர்களுக்குப் பின்னால் நிற்கும் நேரத்துக்கும் சேர்த்து ஐஸ் போடுங்கள். யோசனை கேட்கக் காட்டுப்பாக்கம் போகலாம். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அங்கே பன்றியும் வளர்க்கிறது, யாரும் மூக்கைப் பொத்த மாட்டார்கள். மாதிரியைச் சுழற்றி வடிகட்டாமல் மெஷினில் ஏற்றினால் பன்றியின் மரபணுதான் பக்கம் பக்கமாக வரும். அதை 2012-லேயே வெளியிட்டாயிற்று.

கிடைத்தது பன்றிகளுக்குத் தொற்றுக் கழிச்சல் தரும் பி.இ.டி. கொரோனா வைரஸ் என்றால் சுமார் 28,000 எழுத்து, ஒரே இழை. 2013-இல் அமெரிக்கப் பண்ணைகளைக் கலங்கடித்தது இதுதான். ரோட்டா வைரஸ் என்றால் ஒரகடத்துக்காரருக்குக் குஷி: 11 தனித்தனித் துண்டுகள், அசெம்பிளி லைனில் வரும் பாகங்கள்போல. ஒரே செல்லுக்குள் இரண்டு ரகங்கள் புகுந்தால் பாகங்களை மாற்றிப் பூட்டிக்கொள்ளும். மாட்டு ரோட்டாவின் பாகங்கள் பூட்டிய ரகத்தை வேலூரில் பச்சிளங்குழந்தைகளிடமே பார்த்திருக்கிறார்கள். நம் ரோட்டாவேக் சொட்டு மருந்தின் 116ஈ ரகத்திலும் ஒரு மாட்டுப் பாகம் உண்டு. ஆகவே ஒரு துண்டை மட்டும் படித்துவிட்டு ‘பன்றியிலிருந்து வந்தது’ என்று அறிவிக்காதீர்கள், பதினொன்றையும் படியுங்கள்.

ஒரு பண்ணையிலிருந்து நேரே அடுத்த பண்ணைக்குள் நுழைய வேண்டாம். நுழைந்தால் இரண்டு இடத்து வரிசையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும். நோய் பரவிய வழி என்று அருமையான கட்டுரை எழுதலாம். பரப்பிய கம்பூட்டின் சைஸையும் குறிப்பிட்டுவிடுங்கள்.