அசெம்பிளி திறக்கும் காலத்தை டீயால் அளத்தல்

ஆய்வுக் களம்: பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியின் டிசைன் அறை. ஆய்வுப் பொருள்: மோட்டார், பேஸ் பிளேட், பைப்பிங், நட்டு போல்ட் உட்பட மூவாயிரத்துச் சொச்சம் கோப்புகள் கொண்ட பம்ப் அசெம்பிளி ஒன்று. அளவை: டீ. இருக்கையிலிருந்து எழுந்து, கேட்டுக்கு வெளியே உள்ள கடையில் குடித்துவிட்டுத் திரும்பும் காலம் ஒரு டீ எனப்படும். பஜ்ஜி சேர்ந்தால் அளவை பிழைபடும் என்பதால் ஆய்வு முடியும்வரை பஜ்ஜி விலக்கப்பட்டது.

பழைய 4 கோர் கணினியில் இந்த அசெம்பிளி திறக்க ஒன்றரை டீ ஆயிற்று. நிர்வாகம் மனமிரங்கி 16 கோர் கணினி வாங்கித் தந்தது. அதில் ஒன்றேகால் டீ. டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் சிபியு உபயோகம் 6 சதவீதம். நூறில் பதினாறில் ஒரு பங்கு 6.25. அதாவது ஒரு கோர் நாக்குத் தள்ள உழைக்க, பதினைந்து கோர்கள் கைகட்டி நின்றன.

இதற்கு முன்னோர் சொன்ன காரணங்கள் மூன்று. வைரஸ் என்பது அக்கவுண்ட்ஸ் மரபு, பேசத் தேவையில்லை. ரேம் போதவில்லை என்பது ஐடி மரபு. 64 ஜிபியில் பாதி காலியாகக் கிடந்ததால் மறுக்கப்படுகிறது. ஆயுதபூஜைச் சந்தனமும் குங்குமமும் ஃபேன் வழியே உள்ளே போய்விட்டன என்பது எலக்ட்ரீஷியன் மரபு. இதை எளிதில் தள்ள முடியாது: காற்றோட்டம் அடைபட்டுச் சூடேறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆனால் புதுக் கணினி இன்னும் ஒரு ஆயுதபூஜையையும் பார்க்கவில்லை.

விடை லேத் பட்டறையில் கிடைத்தது. ஃபோர்மேன் அண்ணன் சொன்னார்: "ஏனுங்க தம்பி, ஒரு ஷாஃப்டைப் பதினாறு லேத்துல ஒரே சமயத்துல மாட்ட முடியுங்களா? கடைஞ்சு முடிச்சாத்தானுங்க கீவே வெட்ட முடியும்."

கணினிக்குள்ளும் இதே கதைதான். 1988-இல் புரோ/இன்ஜினியர் என்ற டிசைன் மென்பொருள் வந்து பரப்பிய முறையில், பாகம் என்பது வடிவம் மட்டுமல்ல, அது உருவான வரிசையும்கூட. முதலில் எக்ஸ்ட்ரூட், அதன் முகத்தில் துளை, துளையின் விளிம்பில் சாம்ஃபர். துளை விழாமல் விளிம்பு ஏது, விளிம்பு இல்லாமல் சாம்ஃபர் எதைப் பிடித்துக்கொள்ளும்? சேமித்த வடிவம் கோப்பில் இருந்தால் தப்பித்தோம். பழைய வெர்ஷன் கோப்பு என்றாலோ, யாரோ ஒரு ஃபிளாஞ்சைத் தொட்டிருந்தாலோ, மறுபடி வரிசையாகக் கட்ட வேண்டியதுதான்.

அசெம்பிளி இன்னும் மோசம். அதற்குள் பாகங்கள் இல்லை, விலாசங்கள்தான். சப்-அசெம்பிளியைத் திறந்த பிறகே அதற்குள் இருக்கும் விலாசங்கள் தெரியவரும். ஒவ்வொன்றுக்கும் சர்வர் வாசலில் போய்க் கதவைத் தட்ட வேண்டும். தட்டிவிட்டு நிற்கையில் அந்த 6 சதவீதமும் 2-க்கு இறங்கியதைக் கண்ணால் கண்டேன்.

தடை: அப்படியானால் இத்தனை கோர்களை ஏன் செய்தார்கள்? விடை: வேறு வழியில்லாமல். 2004 இறுதியில் பென்டியம் 4, 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டதோடு சூடு தாங்கவில்லை. 4 கிகாஹெர்ட்ஸ் சில்லை இன்டெல் கைவிட்டது. மறு ஆண்டே இரட்டைக் கோர் பென்டியம் கடைக்கு வந்துவிட்டது. இன்னும் வேகமாக ஓட முடியாதவனுக்குத் துணைக்கு ஆள் சேர்த்தார்கள். துணைக்கு வருபவரால் எவ்வளவு ஆகும் என்று கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே எச்சரித்திருந்தார். அவர் பெயரில் வழங்கும் விதிப்படி, பாதி வேலை வரிசையாகத்தான் நடக்கும் என்றால் 16 கோருக்குக் கிடைப்பது 1.88 மடங்கு வேகம். ஆயிரம் கோர் போட்டாலும் 2-ஐத் தொடாது.

தடை: ரெண்டரிங்கில் மட்டும் பதினாறும் ஓடுகின்றனவே? உண்மை. படத்தின் ஒரு புள்ளிக்கு நிறம் கணக்கிடப் பக்கத்துப் புள்ளி முடியக் காத்திருக்க வேண்டாம். கணினியை விற்க வந்தவர் எம்டி முன்னால் ஓட்டிக் காட்டியதும் ரெண்டரிங்தான்.

ஆகவே பர்ச்சேஸ் பிரிவுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த கொட்டேஷனில் கோர் எண்ணிக்கைக்கு மயங்காமல், ஒற்றைக் கோரின் வேகம் என்ன என்று கேளுங்கள். விற்க வருபவரை எங்கள் பம்ப் அசெம்பிளியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதுவரை அவருக்கு ஆகும் டீச் செலவை டிசைன் பிரிவு ஏற்கும்.